சைனாடவுனில் மாரியம்மன்

சிங்கப்பூர் போய்வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: சைனாடவுன் நடுவில் மாரியம்மன் கோயில் எப்படி வந்தது? உட்காருங்கள், டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

1819 மே மாதம், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிவைத்த ராஃபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூர் வந்தபோது, அவரோடு இந்தியானா கப்பலில் பினாங்கிலிருந்து வந்து இறங்கினார் நாராயண பிள்ளை. கருவூலத்தில் நாணயங்களைச் சோதித்துப் பிரிக்கிற வேலை கிடைத்தது. ஊரோ அப்போதுதான் எழும்புகிறது. வீடு கட்டச் செங்கல் இல்லை. பினாங்கு நண்பர்களுக்குச் சொல்லியனுப்பித் தச்சர்களையும் கொத்தனார்களையும் வரவழைத்தார். தஞ்சோங் பகாரில் சூளை போட்டார். பிறகு கிராஸ் தெருவில் துணிக்கடை. கடனுக்கு வாங்கிய சரக்கு அத்தனையும் 1822இல் தீயில் போயிற்று. கடன் கொடுத்தவர்களிடம் தவணை கேட்டார், ராஃபிள்ஸிடம் உதவி கேட்டார், மறுபடி எழுந்தார்.

இத்தனைக்கும் நடுவே கோயிலுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார் என்பதுதான் என் மனதைத் தொடுவது. முதலில் கிடைத்தது தெலுக் ஆயரில். அங்கே நல்ல தண்ணீர் இல்லை. அபிஷேகத்துக்கும் மடப்பள்ளிக்கும் தண்ணீர் இல்லாமல் கோயில் ஏது? அடுத்து ஸ்டாம்ஃபோர்டு கால்வாய்ப் பக்கம் ஓரிடம். புதிய நகரத் திட்டத்தில் அதுவும் கைவிட்டுப் போனது. மூன்றாவதாக, 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் கிடைத்தது. சீனர்களின் பகுதியில் கோயில் அமைந்தது இப்படித்தான். 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலைக் கூரையாலும் கட்டி, சின்ன அம்மனை அங்கே வைத்தார். இப்போது பார்க்கிற செங்கல் கட்டடமெல்லாம் பின்னால் வந்தது. பக்கத்திலேயே, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல்.

கோயில் வெறும் கும்பிடும் இடமாக இருக்கவில்லை. கப்பலை விட்டு இறங்கி, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாமல் நின்றவர்கள், வேலை கிடைக்கும்வரை அங்கே தங்கினார்கள். இந்துத் திருமணங்களைப் பதிவுசெய்யும் அதிகாரமும் ஒரு காலத்தில் அந்தக் கோயிலுக்கு மட்டுமே இருந்தது. வந்த இடத்தில் பிழைத்தவர்கள் பலர் உண்டு. பின்னால் வருகிறவனுக்குப் படுக்க ஒரு திண்ணையை யோசித்தவர் பெரிய மனிதர்.

1973இல் சிங்கப்பூர் அரசு அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. அடுத்தமுறை போனால் கோயிலை ஒட்டியுள்ள பகோடா தெருவின் பெயர்ப்பலகையை நின்று பாருங்கள். அந்தப் பகோடா, மாரியம்மன் கோயில் கோபுரம்தான்.