பழைய எஞ்சினைப் பிரிக்கும் முன்

2014 ஜூனில் சியாட்டில் நகரில் நடந்த மீகம் ஏலத்தில் 1971ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா கன்வர்ட்டிபிள் ஒன்று 35 லட்சம் டாலருக்கு விலைபோனது. தொழிற்சாலையில் பொருத்திய அதே 426 ஹெமி எஞ்சின் அதில் அப்படியே இருந்தது. அவ்வளவு பெரிய விலைக்கு அதுவும் ஒரு காரணம். இத்தகைய அரிய வண்டி வெகு சிலரிடமே உண்டு. ஆனால் அமெரிக்காவில் ஷெவெல், கமாரோ, சார்ஜர், மஸ்டாங் என்று ஏதாவதொரு பழைய மசில் காரைப் பராமரிக்கிறவர்களுக்கு என்றைக்காவது அந்தக் கேள்வி வந்தே தீரும். எஞ்சின் புகை தள்ளுகிறது, ஆயில் பிரஷர் இறங்குகிறது. இருப்பதையே பிரித்துப் புதுப்பிப்பதா, வேறொன்றை வாங்கி மாட்டுவதா?

பட்டறைக்காரர் பதிலைக் கையோடு வைத்திருப்பார். அந்த இடத்தில்தான் உரிமையாளர் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

இரண்டுமே தேவைப்படாத எஞ்சின்களும் உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிடுகிறதென்றால் பெரும்பாலும் வால்வு சீல் தேய்ந்திருக்கும். அது சில்லறைச் செலவு. கம்ப்ரஷன் சோதனையும், சிலிண்டருக்குள் காற்றை அழுத்திக் கசிவைப் பார்க்கும் சோதனையும் எஞ்சினை இறக்காமலே நிறையச் சொல்லிவிடும். ஆயில் ஊற்றும் வாயில் காற்று சீறினால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது. சைலன்சர் வழியாகச் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது எங்கோ விரிசல் இருக்கலாம். இந்த அளவுகளைத் தாளில் எழுதித் தராமல் "எஞ்சின் முடிஞ்சுபோச்சு" என்று சொல்லும் பட்டறையை நம்பி ஆயிரக்கணக்கான டாலரைக் கொடுப்பது சரியல்ல.

எஞ்சினைப் பிரித்த பிறகு முடிவைச் சொல்வது பிளாக்தான். ஷெவ்ரோலே 350 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 101.6 மில்லிமீட்டர். தேய்மானம் சீராக இருந்தால் 0.76 மில்லிமீட்டர் கூட்டி போர் செய்து, பெரிய பிஸ்டன் போட்டு ஓட்டலாம். பொதுவாக அதைப்போல் இரு மடங்குவரை போவார்கள், அதற்குமேல் சுவர் மெலிந்துவிடும். ஒரே ஒரு சிலிண்டர் கெட்டிருந்தால் அதற்கு மட்டும் ஸ்லீவ் இறக்கலாம். விரிசல் உண்டா என்று காந்தத்தூள் சோதனை செய்து பார்த்த பிறகே லேத் வேலைக்குப் பணம் கட்ட வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளையும் கேட்டு வைப்பது நல்லது. அந்தக்கால வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு இருக்கை தேயாமல் காத்தது பெட்ரோலில் கலந்திருந்த ஈயம். சாலை வாகனங்களுக்கான ஈய பெட்ரோல் அமெரிக்காவில் 1996இல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. அதனால் புதுப்பிக்கும்போது கடினப்படுத்திய இருக்கைகளைப் போட்டுவிடுவது வழக்கம்.

பலர் அறியாமல் இழப்பது இன்னொன்று. ஷெவ்ரோலே வி8 எஞ்சினில் வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால், ஹெட் உட்காரும் அதே மட்டத்தில், விரலகலத்துக்கு ஒரு சிறு மேடை இருக்கும். எஞ்சின் வகையைச் சொல்லும் குறியீடும், 1960களின் கடைசியிலிருந்து காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியும் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். இந்த எஞ்சின் இந்தக் காருக்கே பிறந்தது என்பதற்கு அந்த எண்தான் ஆதாரம். புதுப்பிக்கும்போது பிளாக்கின் மேல்முகத்தை மட்டமாகச் சீவுவது வழக்கமான வேலை. சொல்லாவிட்டால் மேடையையும் சேர்த்தே சீவிவிடுவார்கள். அரை நிமிடத்தில் ஆதாரம் இரும்புத்தூளாகிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பட்டறையாலும் முடியாது. "எண் உள்ள மேடையைத் தொடக்கூடாது" என்று வேலைச்சீட்டில் எழுதி வாங்க வேண்டும். எஞ்சினை அனுப்பும் முன்பே எண்ணை நெருக்கத்தில் படமெடுத்து வைக்க வேண்டும்.

சீவிய இடத்தில் புது எண்ணை அடித்து "அசல் எஞ்சின்" என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். தொழிற்சாலை எந்திரம் விட்டுச்சென்ற மெல்லிய இணைகோடுகள் மேடையில் இல்லையென்றால் வாங்குகிறவர் சந்தேகப்பட வேண்டும். அடையாள எண் விஷயத்தில் நல்லெண்ணம்கூடக் காப்பாற்றாது. இந்தியானாவில் ஒருவர் வாங்கிய 1959ஆம் ஆண்டின் கார்வெட்டைப் பதிவு செய்யக் கொண்டுபோனபோது கான்சாஸ் காவல்துறை 2017இல் பறிமுதல் செய்தது. யாரோ முன்பு புதுப்பித்தபோது அடையாள எண் தகட்டைக் கழற்றி மறுபடி மாட்டியிருந்தார்கள். வாங்கியவர்மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஆனாலும் அன்றைய சட்டப்படி வண்டியையே அழிக்க வேண்டியிருந்தது. 2022இல் மாநிலச் சட்டமன்றம் விதியைத் திருத்திய பிறகே வண்டி அவரிடம் திரும்பியது. எஞ்சின் வேலையின்போது எந்தத் தகட்டையும் கழற்ற விடக்கூடாது.

மாற்று எஞ்சின் என்ற வழி தாழ்ந்ததல்ல. அசல் எஞ்சின் எப்போதோ போய்விட்ட சாதாரண வண்டிக்குப் பெட்டியில் வரும் புது கிரேட் எஞ்சின்தான் புத்திசாலித்தனம். திறன் தெரிந்தது, காத்திருப்பு குறைவு, உத்தரவாதம் உண்டு. ஆனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். பழைய எஞ்சினைக் கொடுத்தால் விலை குறையும் என்பார்கள். அசல் பிளாக்காக இருந்தால் கொடுக்கவே கூடாது, தள்ளுபடியை விட்டுவிட்டு அதை எண்ணெய் பூசி மூடி வைப்பது மேல். நாளை வண்டியை விற்கும்போது அந்த இரும்புக்கட்டிக்குத் தனி விலை உண்டு. இரண்டாவது, திறன் கணக்கு. 1970 ஷெவெலின் 454 எல்எஸ்6 எஞ்சினுக்குச் சொன்ன 450 குதிரைத்திறன், துணைக் கருவிகள் இல்லாமல் சோதனை மேடையில் அளந்த கணக்கு. 1972இலிருந்துதான் வண்டியில் பொருத்திய நிலையில் அளக்கும் கணக்கு வந்தது. டாட்ஜின் ஹெல்கிரேட் என்ற கிரேட் எஞ்சின் 707 குதிரைத்திறன் தருகிறது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் அதை மாட்டினால் உயிருக்கே ஆபத்து. கியர்பாக்ஸ், பின் அச்சு, ரேடியேட்டர், பிரேக் எல்லாவற்றின் செலவையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, புகைச் சட்டம். கலிபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது. 1977 டிரான்ஸ் ஆம் வைத்திருப்பவருக்கு உண்டு. அவர் மாட்டும் எஞ்சின் அந்த வண்டியின் ஆண்டையோ அதற்குப் பிந்திய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும், அதற்குரிய மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் கூடவே வர வேண்டும். பணம் கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்களின் வண்டிகள் ஓடமுடியாமல் நிற்கின்றன.

உரிமைகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் மதிப்பீட்டுத் தொகையை முன்கூட்டியே எழுத்தில் தராமல் வேலை தொடங்கக்கூடாது. அதைத் தாண்டினால் வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டும். பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றால், வேண்டாமென்று முடிவானபின் திரும்பச் சேர்க்கும் செலவும் அந்த எழுத்து மதிப்பீட்டில் இருக்க வேண்டும். பழைய பாகங்கள் வேண்டுமென்று வேலைச்சீட்டு எழுதும்போதே கேட்டுவிட வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது. புகாரை விசாரிப்பது வாகனப் பழுதுபார்ப்புத் துறை. நியூயார்க்கில் வாகனத்துறையிடம் புகார் செய்ய 90 நாள் அல்லது 3,000 மைல், எது முந்துகிறதோ அதுவே கெடு. எஞ்சின் வேலை முடிந்த வண்டியை மாதக்கணக்கில் கொட்டகையில் நிறுத்திவைக்கிறவர்கள் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

"ரீபில்ட்" என்று எழுதி விற்கும் எஞ்சினுக்கும் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல் உண்டு. பிரித்து, சுத்தம் செய்து, பழுதான பாகங்களைச் சரிசெய்தோ மாற்றியோ மறுபடி கட்டியதைத்தான் அப்படி அழைக்கலாம். பெயின்ட் அடித்தது மட்டும் போதாது. எழுத்து உத்தரவாதத்தை வாங்கும் முன் காட்ட வேண்டும் என்பது 1975இன் மேக்னசன்-மாஸ் சட்டத்தின் வழி வந்த உரிமை. அந்தத் தாளில் இரண்டு கேள்விக்குப் பதில் தேட வேண்டும்: இறக்கி ஏற்றும் கூலி இதில் அடங்குமா, பந்தயத்தில் ஓட்டினால் உத்தரவாதம் ரத்தாகுமா?

தகராறு பெரும்பாலும் முதல் சில நூறு மைல்களில் வருகிறது. பழைய பாணித் தட்டை டேப்பெட் கேம்ஷாஃப்டை முதல் ஓட்டத்தில் பக்குவப்படுத்த வேண்டும். இன்றைய ஆயில்களில் துத்தநாகச் சேர்மானம் குறைக்கப்பட்டிருப்பதால் தவறான ஆயில் ஊற்றினால் கேம் தேய்ந்துபோகும். அப்போது பட்டறை ஆயிலைக் குறை சொல்லும், உரிமையாளர் வேலையைக் குறை சொல்வார். முதல் ஓட்டத்தை யார் செய்வது, எந்த ஆயில் என்பதையும் வேலைச்சீட்டில் எழுதினால் பாதிச் சண்டை எழாது. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கும்போது இரும்புத்துகள் தெரிந்தால் உடனே வண்டியை நிறுத்திப் படமெடுத்து, பட்டறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் தொகையை மறுத்துக் கேட்கும் வழியும் உண்டு. அதுவும் முடியாமல் போனால் கலிபோர்னியாவின் சிறுவழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே ஒரு தனிநபர் 12,500 டாலர்வரை கோரலாம். படங்கள், வேலைச்சீட்டு, வெட்டிய ஃபில்டர் மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும்.