வேலை தேடும் பிள்ளைகளும் வீட்டுப் பணமும்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் கிராமங்களில் கோடை உழவைப் பற்றிய பேச்சுடன் மற்றொரு பேச்சும் சேர்ந்துகொள்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகின்றன. பையனை எதில் சேர்ப்பது, பெண்ணை மேலே படிக்க வைக்க வழி உண்டா, ஏற்கெனவே படித்து முடித்த மூத்தவனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்னும் கேள்விகள் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் எழுகின்றன. இவற்றுக்கு விடை காணும் அவசரத்தில், பல்லாண்டு உழைத்துச் சேர்த்த நகைகள் அடகுக்குப் போகின்றன. முன்னோர் விட்டுச் சென்ற காணி நிலமும் கைமாறுகிறது.

பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகச் செலவு செய்வது தவறன்று. ஆனால் செலவில் இருவகை உண்டு. பிள்ளையின் கையில் தொழிலாகவும் சான்றிதழாகவும் தங்கி நிற்கும் செலவு ஒருவகை. தரகரின் பையில் விழுந்து மறைந்து போகும் செலவு மற்றொரு வகை. முன்னதைத் துணிந்து செய்யலாம். பின்னதை ஒரு ரூபாய் அளவுக்கும் செய்யலாகாது. இந்த வேறுபாட்டைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

அரசு வேலைக்குத் தரகர் இல்லை

கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நான்காம் தொகுதித் தேர்வை நடத்துகிறது. கிராம நிர்வாக அலுவலர் பதவி 2018ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து இதனுடன் சேர்க்கப்பெற்றது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே குறைந்த அளவுக் கல்வித் தகுதி. தட்டச்சர், சுருக்கெழுத்தர் பதவிகளுக்கு மட்டும் தொழில்நுட்பத் தகுதியும் வேண்டும். எழுத்துத் தேர்வு ஒன்றே. நேர்முகத் தேர்வு கிடையாது. மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அவற்றுள் 100 வினாக்கள் தமிழ் மொழியைப் பற்றியவை. தமிழ்ப் பகுதியில் நூற்றுக்கு நாற்பது விழுக்காடு பெறாதவரின் மற்ற விடைகள் திருத்தப்படுவதில்லை.

2025ஆம் ஆண்டு நடைபெற்ற தேர்வுக்கு ஒருமுறைப் பதிவுக் கட்டணம் ரூ. 150, அப்பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். தேர்வுக் கட்டணம் ரூ. 100. ஆதிதிராவிடர், பழங்குடியினர் முதலியோருக்குத் தேர்வுக் கட்டணம் இல்லை. ஆகவே, ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை இந்தத் தேர்வுக்குச் செலுத்த வேண்டியது அதிக அளவாக ரூ. 250 மட்டுமே.

இதற்கு மாறாக, "மேலிடத்தில் சொல்லி வேலை வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் வந்து மூன்று லட்ச ரூபாய் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அத்தொகையை நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் வாங்கினால், மாதந்தோறும் வட்டி மட்டும் ரூ. 6,000. ஓராண்டில் ரூ. 72,000. "இன்று வரும், நாளை வரும்" என்று இரண்டு ஆண்டுகள் கழிந்தால் வட்டி ரூ. 1,44,000 ஆகிவிடும். அசல் அப்படியே நிற்கும். வேலையும் வராது. அப்போது விற்பதற்கு மிஞ்சுவது நிலம் ஒன்றே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018ஆம் ஆண்டு செய்யப்பெற்ற திருத்தத்தின்படி, லஞ்சம் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றமாகும். கட்டாயத்துக்கு உட்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் உரிய அதிகாரிகளிடம் தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. பணம் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் வாய் மூடியிருப்பவருக்கு அப்பாதுகாப்பும் இல்லை. தரகர்கள் துணிவுடன் நடமாடுவதற்கு இம்மௌனமே காரணம்.

ஆதலின், வேலை தருவதாகச் சொல்லி யார் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த வேலைக்கான அறிவிப்பு எங்கே வெளியாகியுள்ளது? பணம் அலுவலகத்தின் கணக்குக்குச் செல்கிறதா, தனி மனிதரின் கைக்குச் செல்கிறதா? அலுவலக முத்திரையுடன் ரசீது கிடைக்குமா? இவற்றுள் ஒன்றுக்கேனும் நேரான விடை கிடைக்காவிடில், அவரை வாசலோடு அனுப்பிவிடுவதே குடும்பத்துக்கு நன்மை.

தேர்வையே நம்பியிருத்தல் கூடாது

நேர்மையான வழி என்பதனால் அது எளிய வழி ஆகிவிடாது. 2025ஆம் ஆண்டு நான்காம் தொகுதித் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பெற்ற இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்களோ பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் போட்டி. எனவே, ஊக்கமுள்ள பிள்ளைகள் தேர்வு எழுத வேண்டும். ஆனால் அதை மட்டுமே நம்பி வேறு தொழில் கற்காமல் முப்பது வயது வரை காத்திருத்தல் கூடாது. ஒரு பயிர் பொய்த்தாலும் மற்றொன்று காக்கும் என்று ஊடுபயிர் செய்கிறோம் அல்லவா? அதைப் போலவே, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கைத்தொழில் ஒன்றும் தெரிந்திருத்தல் அவசியம்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளவும் தவறலாகாது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். மறந்தால் பதிவு மூப்பு போய்விடும். இவ்வலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாகப் பயிற்சி அளிக்கின்றன. நகரத்துத் தனியார் பயிற்சி நிலையங்களுக்குப் பெருந்தொகை கட்டுவதற்கு முன் இவற்றைப் பயன்படுத்திப் பார்த்தல் நலம்.

கைத்தொழிலின் வலிமை

தொழிற்பயிற்சி நிலையம் என்றால் படிப்பு வராத பிள்ளைகள் போகும் இடம் என்னும் எண்ணம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. இது பெருந்தவறு. பற்றவைப்பவர், கம்பியாளர் பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியுடனேயே சேரலாம். பொருத்துநர், மின்பணியாளர் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். பற்றவைப்பவர் பயிற்சி ஓராண்டு, மற்றவை இரண்டாண்டு. அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை என்பதோடு, பயிற்சி பெறுவோருக்கு மாதம் ரூ. 750 உதவித்தொகையும் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. தமிழ்நாட்டின் 71 அரசு நிலையங்கள் 2023ஆம் ஆண்டில் புதிய இயந்திரங்களுடன் மேம்படுத்தப்பெற்றன. கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரமும் இயந்திர மனிதத் தொழில்நுட்பமும் அங்கே கற்பிக்கப்படுகின்றன.

இதில் சேர்ந்தால் மேற்படிப்பு வழி அடைபட்டுவிடும் என்று அஞ்சவும் வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பும் இரண்டாண்டுப் பயிற்சியும் முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் பெற்றபின் பொறியியற் கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டில் சேரலாம். காலம் சற்றுக் கூடும். ஆனால் ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

பயிற்சி முடித்தவர்களுக்கு 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் மற்றொரு வாயிலைத் திறக்கிறது. முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளன. அவர்களுக்கு உதவித்தொகையும் தர வேண்டும். இங்கே பணம் கொடுப்பவர் நிறுவனத்தார். வாங்குபவர் நம் பிள்ளை. இம்முறையைத் தலைகீழாக்கி, "பயிற்சிக்கு முன்பணம் கட்டு" என்பவரிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

கல்லூரிப் படிப்புக்குக் கடன்

அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021ஆம் ஆண்டிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் பெண்களுக்கு மாதம் ரூ. 1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பெற்றன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவருக்கு, தொழிற்படிப்பில் ஒற்றைச் சாளர முறையில் இடம் பெற்றால், கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் உரிய சான்றிதழ்களைத் தேர்வு முடிவுக்கு முன்னரே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இவற்றுக்கு மேலும் பணம் தேவைப்பட்டால் கந்துவட்டிக்குப் போகாமல் வங்கியில் கல்விக் கடன் கேட்கலாம். நான்கு லட்ச ரூபாய் வரை சொத்துப் பிணையம் கேட்கலாகாது என்பது விதி. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும். ஆனால் கடன் கடனே. படிப்பு முடித்தவர் வழக்கமாகப் பெறும் சம்பளம் என்ன, தவணை என்ன என்பதை அக்கல்லூரியில் முன்பு படித்தவர்களிடம் விசாரித்தறிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கு ஆள் பிடிக்க ஊருக்கு வருவோரிடம் மூலச் சான்றிதழ்களை ஒருபோதும் ஒப்படைக்கலாகாது. சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேறு கல்லூரியில் சேர முடியாமற் செய்வது அவர்களுள் சிலரது வழக்கம். நன்கொடை வசூலிப்பது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

கடல் கடந்த வேலை

அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் ரூ. 30,000மும் அதற்குரிய வரியுமே. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. முதலில் அங்கு விசாரிப்பது முறை. சுற்றுலா விசாவில் வேலைக்குச் செல்லலாகாது. கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்து வழியாகச் சென்ற நம் இளைஞர்கள் 2022ஆம் ஆண்டில் மியான்மாரில் அடைக்கப்பட்டு, அரசின் முயற்சியால் மீட்கப்பட்டதை மறக்கலாகாது.

முதற் சம்பளம்

வேலை கிடைத்தபின் உள்ள கடமைகளும் சில. வட்டி மிகுந்த கடனை முதலில் அடைத்தல் வேண்டும். பிறகு அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்கலாம், மாதம் ரூ. 100 இருந்தாலும் போதும். ஆலையில் பணிபுரிவோரிடம் வருங்கால வைப்பு நிதிக்காகச் சம்பளத்தில் 12 விழுக்காடு பிடித்தம் செய்யப்படுகிறது. முதலாளியும் அதே விழுக்காடு செலுத்துகிறார். ஓசூரிலோ திருப்பூரிலோ ஆலை மாறும்போது புதிய கணக்கு தொடங்காமல், பழைய எண்ணையே கொடுத்துத் தொகையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்து செய்ய வேண்டியவை

ஒரு குடும்பம் தனித்து நின்றால் ஏமாறும். ஊர் சேர்ந்து நின்றால் ஏமாறாது. பெருஞ்செலவின்றிப் பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை பல:

1. மே 1ஆம் நாள் கிராம சபையில், தேர்வு முடித்த பிள்ளைகளுக்கு உள்ள வழிகளை எடுத்துரைக்க ஒரு மணி நேரம் ஒதுக்குதல். தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர் ஒருவரையும் வங்கி அலுவலர் ஒருவரையும் அழைக்கலாம்.

2. அரசு வேலை அறிவிப்புகளை, கட்டணமும் கடைசி நாளும் பெரிய எழுத்தில் தெரியுமாறு, அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல்.

3. கிராம நூலகத்தில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல்களும் ஒரு நாளிதழும் இருக்கச் செய்தல். நான்காம் தொகுதித் தேர்வு பத்தாம் வகுப்புத் தரத்திலேயே அமைவதால் இந்நூல்களே அதற்கு முதற் கருவி.

4. ஊரிலுள்ள வேலையற்ற இளைஞர்களின் படிப்பையும் விருப்பத்தையும் குறித்து ஒரு பதிவேடு வைத்தல். சொந்தத் தொழில் தொடங்க விரும்புவோரை, முன்னோடி வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பலாம். அங்கே பயிற்சியும் உணவும் தங்குமிடமும் இலவசம்.

5. வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்போர் ஊருக்குள் வந்தால், மேற்கூறிய மூன்று கேள்விகளைப் பஞ்சாயத்தே முன்னின்று கேட்டல். ஐயம் எழுந்தால் காவல் நிலையத்துக்குத் தெரிவித்தல்.

நிலத்தை விற்று வாங்கிய வேலை என்று ஒன்று இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அவ்வேலை போனால் திரும்பி வர நிலம் இராது. கற்ற தொழிலையோ எவரும் அடகு பிடிக்க முடியாது. வீட்டுப் பணம் பிள்ளையின் கல்விக்கும் கைத்திறனுக்கும் செல்லட்டும். நிலம் நிலமாகவே நிற்கட்டும். இதை ஊருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு ஒவ்வொரு பஞ்சாயத்து உறுப்பினருக்கும் உண்டு. வரும் கிராம சபையிலேயே அப்பணியைத் தொடங்குவோமாக.