ஆட்கள் மாறிய ‘சூது கவ்வும்’

பாரதியாரின் பாஞ்சாலி சபதம் படித்தவர்களுக்கு ‘சூது கவ்வும்’ என்ற சொற்கள் எங்கிருந்து வந்தவை என்று தெரியும். சூது தர்மத்தைக் கவ்வினாலும் முடிவில் தர்மமே வெல்லும் என்பது பாரதி சொன்ன முழுச் செய்தி. 2013 மே 1ஆம் திகதி வெளிவந்த தன் படத்துக்கு இயக்குநர் நலன் குமரசாமி அதில் முற்பாதியை மட்டும் பெயராக எடுத்துக்கொண்டார். பிற்பாதி படத்துக்குள்ளும் இல்லை. டார்க் காமெடி எனப்படும் அவல நகைச்சுவையை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

படம் வந்தபோது எனக்கு ஐந்து வயது. ஹல்துமுல்லையில் மழை விடாத ஒரு விடுமுறையில்தான் அதையும் அதன் இரண்டாம் பாகத்தையும் வீட்டில் பார்த்தோம். கதாநாயகன் தாஸ் ஓர் ஆட்கடத்தல்காரர். அதிகாரம் உள்ளவர்கள் மேல் கை வைக்கக் கூடாது என்பது போன்ற விதிகளுடன், கடை நடத்துவதுபோல் ஒழுங்காகத் தொழில் செய்கிறார். கூடவே கற்பனையில் ஒரு காதலி. விஜய் சேதுபதி இதில் எதையும் பகிடியாகச் செய்யவில்லை. தாஸுக்கு அது பிழைப்பு. அதனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

வாப்பா பாதியில் எழும்பிவிட்டார். “ஆள் கடத்துறது சிரிக்கிற விசயமா மகள்?” என்றார். வெள்ளை வேன் என்றாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்தும் நாடு இது. அப்போது எனக்குப் பதில் வரவில்லை. பிறகு யோசித்தேன். கடத்தப்படும் அருமைப்பிரகாசம் நேர்மையான அமைச்சர் ஞானோதயத்தின் மகன். அவனோ கடத்தியவர்களிடமே பணத்தில் பங்கு கேட்கிறான்! முடிவில் நேர்மையான தகப்பன் கட்சிக்கு வேண்டாதவராகிறார். மகன் பதவிக்கு வருகிறான். சிரித்துக்கொண்டிருந்த நமக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது.

இரண்டாம் பாகம் 2024 டிசம்பர் 13இல் எஸ்.ஜே. அர்ஜுன் இயக்கத்தில் வந்தது. தயாரிப்பாளர் அதே சி.வி. குமார். விஜய் சேதுபதி, பாபி சிம்ஹா, அசோக் செல்வன், ரமேஷ் திலக் எவரும் இல்லை. மிர்ச்சி சிவா குருநாத்தாக வருகிறார். கருணாகரன், எம்.எஸ். பாஸ்கர், ராதாரவி ஆகியோர் திரும்பி வந்திருக்கிறார்கள். கவனித்தீர்களா? கடத்தியவர்கள் மாறிவிட்டார்கள், அரசியல்வாதிகள் மாறவில்லை. இரண்டு படங்களிலும் ஆகச் சிறந்த பகிடி இதுதான் என்பேன், வேண்டுமென்று செய்தார்களோ இல்லையோ.

சிவா நல்ல நடிகர். ஆனால் 2010இல் வந்த ‘தமிழ்ப்படம்’ முதல் அவர் முகமே ‘இது விளையாட்டு’ என்று சொல்லிவிடுகிறது. குருநாத்துக்கும் கற்பனைக் காதலி உண்டு. தாஸுக்கு இருந்தது நோய், இவருக்கு அது பழைய படத்தை ஞாபகப்படுத்தும் ஓர் அடையாளம். அவர் குற்றம் செய்யுமுன்பே நாம் சிரித்து முடிக்கிறோம், குற்றத்தின் கனம் தெரிவதே இல்லை.

இந்தப் படத்துக்கு வாப்பா எழும்பவில்லை. கடைசிவரை இருந்து சிரித்தார்.