கையில் பிடிக்கும் பல் எக்ஸ்ரே: கேடயத்துக்குப் பின்னால் நில்லுங்கள்

துப்பாக்கியைப் போன்ற பிடி, முன்னால் குட்டையான குழாய், பின்பக்கம் சின்னத் திரை. பேட்டரியில் ஓடும் இந்தக் கருவியைப் பல் மருத்துவர் கையில் தூக்கி, நோயாளியின் கன்னத்தருகே வைத்து, விசையை அழுத்துகிறார். சில நொடிகளில் கடைவாய்ப்பல்லின் வேர் நுனி வரை மடிக்கணினியில் தெரிந்துவிடுகிறது. சுவரில் பொருத்திய, நீண்ட கையுள்ள இயந்திரத்தையே பார்த்துப் பழகியவர்களுக்கு வியப்பாகத்தான் இருக்கும். கூடவே ஒரு சந்தேகமும் வரும். எக்ஸ்ரே எடுக்கும்போது எல்லோரையும் வெளியே போகச் சொல்வார்களே, இவர் மட்டும் எப்படி இயந்திரத்தையே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்?

சந்தேகம் நியாயமானது. கருவியின் முனையில் உள்ள ஒரு வட்டத் தகடும், கருவியைப் பிடிப்பவர் நிற்கும் இடமும்தான் அதற்குப் பதில்.

கிராமத்துக்குப் போகும் இயந்திரம்

திருச்சியிலிருந்து பிரிந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் உருவானது. அரியலூர் 2007இல் மீண்டும் தனி மாவட்டமானது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இவ்வளவு வந்த பிறகும், வேப்பந்தட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பல்வலி வந்தவர் பெரம்பலூருக்கும், செந்துறைப் பக்கத்தில் இருப்பவர் அரியலூருக்கும் பேருந்து ஏறியாக வேண்டும். வாதத்தில் படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவருக்கு அந்தப் பயணமும் முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில்தான் கைக்கருவி கைகொடுக்கிறது. அதற்குச் சுவர் வேண்டாம், தனி மின் இணைப்பு வேண்டாம். மின்வெட்டிலும் வேலை செய்யும். பள்ளி முகாமுக்கோ முதியோர் இல்லத்துக்கோ ஒரு பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போய்விடலாம். அமெரிக்காவில் இவ்வகைக் கருவிக்கு 2005 வாக்கில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு கத்ரீனா புயலில் இறந்தவர்களைப் பல்லை வைத்து அடையாளம் காணும் பணியில் அது பயன்பட்டது.

எங்கும் எடுத்துப் போகலாம் என்பதற்காக எப்போதும் அதையே பயன்படுத்தலாம் என்று பொருளல்ல. ஐரோப்பிய நாடுகளின் கதிர்ப் பாதுகாப்பு அமைப்புகளின் கூட்டமைப்பு 2014இல் இதைத் தெளிவாகச் சொன்னது: முதியோர் இல்லம், தடயவியல், இராணுவப் பணி போன்ற விதிவிலக்கான சூழல்களுக்கு மட்டுமே கைக்கருவி, நிலையான இயந்திரம் வைக்க வசதியுள்ள கிளினிக்கில் அதுவே முதல் தேர்வு.

நோயாளிக்கு எவ்வளவு?

முதலில் நோயாளியின் பயத்தைப் போக்கிவிடலாம். மண், பாறை, காற்று, விண்வெளி ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவர் உடலிலும் இயற்கையாகவே கதிர்வீச்சு பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உலக சராசரி ஆண்டுக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட். நாளுக்கு வகுத்தால் ஆறரை மைக்ரோசீவர்ட். ஒன்றிரண்டு பற்களுக்கு மட்டும் எடுக்கும் சிறிய எக்ஸ்ரேயின் அளவு, நல்ல கருவியாக இருந்தால், பெரும்பாலும் இந்த ஒரு நாள் கணக்குக்குள் அடங்கிவிடும். வேர்ச்சிகிச்சை செய்யும்போது மருத்துவர் இரண்டு மூன்று முறை படம் எடுப்பதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

ஈய ஏப்ரன் பற்றியும் குழப்பம் இருக்கிறது. நோயாளிக்கு ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் வழக்கமாகப் போட வேண்டியதில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் அறிவித்தது. டிஜிட்டல் சென்சாரும், கதிரைத் தேவையான அளவுக்கு மட்டும் குறுக்கும் செவ்வக முனையும் பரவலாகிவிட்ட சூழலை மனத்தில் வைத்துச் சொன்னது அது. வட்ட முனைக்குப் பதிலாகச் செவ்வக முனையைப் பொருத்தினாலே நோயாளி பெறும் கதிர் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். பழைய கருவியும் அகன்ற முனையும் வைத்துக்கொண்டு, அந்த அறிவிப்பைக் காட்டி ஏப்ரனை மூலையில் போடுவது சரியல்ல.

கருவியைப் பிடிப்பவருக்குத்தான் ஆபத்து

நோயாளி ஆண்டுக்கு ஓரிரு முறை வருகிறார். கருவியைப் பிடிப்பவரோ தினமும் பலமுறை அதே விசையை அழுத்துகிறார். அவரை நோக்கி இரண்டு வழிகளில் கதிர் வரும். ஒன்று, கருவியின் உடலிலிருந்தே கசிவது. மற்றொன்று, நோயாளியின் முகத்தில் பட்டுச் சிதறித் திரும்புவது.

சுவர் இயந்திரத்தில் இரண்டையும் தூரமே பார்த்துக்கொள்கிறது. விசைக் கம்பியை இழுத்துக்கொண்டு குறைந்தது 2 மீட்டர் தள்ளி நின்றால் போதும். தூரம் இரு மடங்கானால் கதிர் நான்கில் ஒரு பங்காகிவிடும். கைக்கருவியில் அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே கசிவைத் தடுக்கக் கருவிக்குள் ஈயப் பூச்சும், சிதறலைத் தடுக்க முனையில் ஈயம் கலந்த ஒளிபுகும் அக்ரிலிக் தகடும் வைக்கிறார்கள். இந்த வட்டத் தகடுதான் கேடயம்.

கேடயம் இருந்தால் மட்டும் போதாது. அதன் நிழலுக்குள் நிற்கவும் வேண்டும். மேல் கடைவாய்ப்பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் தவறு நடக்கிறது. குழாயைக் கீழ்நோக்கிச் சாய்த்ததும் கேடயமும் சேர்ந்து சாய்கிறது. பிடித்திருப்பவரின் இடுப்பும் கால்களும் அந்த நிழலைவிட்டு வெளியே வந்துவிடுகின்றன. கருவியைச் சாய்க்காமல் நோயாளியின் தலையைச் சாய்க்கச் சொல்வதே சரியான முறை. தகடு நோயாளியின் முகத்தை ஒட்டி இருக்க வேண்டும். அது விலக விலகப் பாதுகாப்பு வளையம் சுருங்கும். திரையைப் பார்க்கத் தலையைப் பக்கவாட்டில் நீட்டும் பழக்கமும் கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கருவியின் எடை இரண்டு மூன்று கிலோ வரும். சுவர் இயந்திரத்தைவிட இதில் மின்னோட்டம் குறைவு என்பதால் விசையைச் சற்றுக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். கை நடுங்கினால் படம் கலங்கும். மறுபடி எடுத்தால் இரட்டைக் கதிர். அதனால்தான் கிளினிக்கில் கைக்கருவியைத் தாங்கியில் பொருத்தி, தொலைவிசையால் இயக்குவது நல்லது.

ஒரு பல் மருத்துவரின் கை

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். ரோன்ட்ஜென் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே கெல்ஸ் அதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். கதிர் சரியாக வருகிறதா என்று பார்க்கத் தன் கையையே நடுவில் நீட்டிப் பார்ப்பது அக்காலத்து வழக்கம். கெல்ஸுக்குக் கையில் புற்றுநோய் வந்தது. முதலில் விரல்கள், பிறகு கை என்று அறுவை மேல் அறுவை நடந்தது. வலி தாங்காமல் 1928இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இன்றைய கருவி வெளிவிடும் கதிர் அன்றைய அளவில் சிறு துளிதான். ஆனால் ஃபிலிம் நகராமல் இருக்க நோயாளியின் வாய்க்குள் உதவியாளர் விரலை வைத்துப் பிடிக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது கெல்ஸ் செய்த அதே காரியம். ஃபிலிமைப் பிடிக்கத் தனித் தாங்கிகள் வந்து பல காலமாகிவிட்டது.

மலிவு விலையின் மறுபக்கம்

2012இல் ஈபே இணையத் தளம் வழியாகச் சுமார் 200 பவுண்டுக்கு விற்ற சீனத் தயாரிப்பான ‘ஃபால்கன்’ கைக்கருவிகளை பிரிட்டன் பறிமுதல் செய்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் சோதித்தபோது, உள்ளே போதிய ஈயத் தடுப்பே இல்லை என்று தெரிந்தது. வழக்கமான அளவைப்போல் பத்து மடங்கு வரை கதிர் படக்கூடும் என்று பிரிட்டன் அரசு எச்சரித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும், இணையத்தில் நேரடியாக விற்கப்படும், தன் ஆய்வுக்கு உட்படாத கைக்கருவிகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது.

நல்ல கருவிக்கும் போலிக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. கதிருக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காகிதத்தில் உள்ள அனுமதிதான் ஒரே அடையாளம்.

சட்டம் சொல்வது

இந்தியாவில் இதைக் கவனிப்பது 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 2004ஆம் ஆண்டின் கதிர்ப் பாதுகாப்பு விதிகள் பல் கிளினிக்குகளையும் கட்டுப்படுத்தும். வாரியம் ஒப்புதல் அளித்த மாடலை மட்டுமே வாங்க வேண்டும். வாங்கியபின் ‘ஈலோரா’ இணையத் தளத்தில் கருவியைப் பதிவு செய்ய வேண்டும். குறித்த காலத்துக்கு ஒருமுறை தரப் பரிசோதனையும் உண்டு. கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட் என்பது உச்ச வரம்பு. பொதுமக்களுக்கு 1 மில்லிசீவர்ட் மட்டும்.

முகாமிலும் கிளினிக்கிலும்

கருவியை இயக்கப் பயிற்சி பெற்றவர் மட்டுமே அதைத் தொட வேண்டும். முகாமில் வரிசையில் நிற்பவர்களைக் குழாய் நோக்கும் திசையில் நிற்க விடக்கூடாது. மேசையை அறையின் மூலையில் போட்டு, கதிர் வெற்றுச் சுவரை நோக்கிப் போகும்படி பார்த்துக்கொள்ளலாம். குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டால், கர்ப்பிணி அல்லாத பெற்றோர் ஒருவர் ஏப்ரன் அணிந்து பிடிக்கட்டும். அதே உதவியாளர் தினமும் பிடிப்பது தவறு. கர்ப்பமான உதவியாளர் உடனே மருத்துவரிடம் சொல்லி வேறு வேலைக்கு மாறிக்கொள்வது நல்லது. கேடயத் தகட்டில் விரிசல் விட்டாலோ கருவி கீழே விழுந்தாலோ, சோதித்த பிறகே மறுபடி எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிப் பூட்டி வையுங்கள்.

நோயாளிகளும் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்: இந்த எக்ஸ்ரே எதற்கு? கருவி வாரியத்தில் பதிவானதா? முனையில் கேடயம் இருக்கிறதா? பெண்கள் கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று தோன்றினாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூன்று கேள்விகளுக்கும் நேரான பதில் வந்தால் நிம்மதியாக வாயைத் திறக்கலாம். பதில் வராவிட்டால், வேறு கிளினிக்கில் படம் எடுத்து வருவதாகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.