ஃபேர் ஐல் பின்னல்

ஃபேர் ஐல் பின்னல் என்பது ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் வளர்ந்த பலவண்ணக் கம்பளிப் பின்னல் முறையாகும். ஷெட்லாந்துக்கும் ஓர்க்னி தீவுகளுக்கும் இடையே, சுமார் 5 கிலோமீட்டர் நீளமே கொண்ட ஃபேர் ஐல் என்னும் சிறு தீவின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. ஆடையில் பல வண்ணங்கள் தெரிந்தாலும், ஒரு வரிசையில் இரண்டு வண்ண நூல்கள் மட்டுமே பயன்படுத்தப்படும். இதுவே இம்முறையின் அடிப்படை விதி.

பின்னும் முறை

ஊசியால் நூலை வளையமாக இழுப்பதால் உருவாவது கண்ணி. ஒரு வண்ணத்தில் கண்ணி போடும்போது, மற்ற வண்ண நூல் ஆடையின் உட்புறமாகக் கொண்டு செல்லப்படும். இந்த இழைகள் உள்ளே இன்னோர் அடுக்காக அமைவதால் ஆடை தடித்து, கடற்காற்றின் குளிரைத் தாங்குகிறது. இழை நீளமானால் அணியும்போது விரலில் சிக்கும். எனவே சில கண்ணிகளுக்கு ஒருமுறை வண்ணம் மாறும் வகையில் கோலங்கள் அமைந்துள்ளன. வட்டம் போன்ற வடிவமும் பெருக்கல் குறியும் மாறி மாறி வரும் பட்டை இதன் அடையாளமாகும்.

சுவெட்டரின் உடற்பகுதி குழாய் வடிவில் சுற்றிச் சுற்றிப் பின்னப்படும். பிறகு கைப்பகுதிக்காகக் கத்தரியால் வெட்டித் திறப்பார்கள். ஷெட்லாந்து ஆட்டுக் கம்பளியின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், வெட்டிய இடம் எளிதில் பிரிவதில்லை.

வரலாறு

1588 இல் 'எல் கிரான் கிரிபோன்' என்னும் எசுப்பானியக் கப்பல் ஃபேர் ஐலில் உடைந்தது. அதன் மாலுமிகளே இக்கோலங்களைக் கற்பித்தனர் என்னும் கதை பரவலாக உள்ளது. ஆனால் அதற்குச் சான்று இல்லை.

தீவுப் பெண்கள் இடுப்பில் கட்டிய தோல்பட்டையின் துளையில் ஊசியைச் செருகி, நடந்துகொண்டே பின்னினர். 19 ஆம் நூற்றாண்டில் அவர்களின் உழைப்புக்கு வணிகர்கள் பெரும்பாலும் பணம் தரவில்லை; தேயிலை, துணி போன்ற பொருள்களையே கொடுத்தனர். இம்முறை குறித்து விசாரித்த அரசு ஆணையத்தின் அறிக்கை 1872 இல் வெளியானது.

பின்னாளில் எட்டாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர், 1922 இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ப் மைதானத்தில் இவ்வகைச் சுவெட்டரை அணிந்தார். அதன்பின் இது உலகெங்கும் நாகரிக ஆடையானது. இயந்திர நகல்களும் பெருகின. இன்று எந்தப் பலவண்ணப் பின்னலையும் ஃபேர் ஐல் என்று அழைக்கும் வழக்கம் உள்ளது. இதனால் அதை உருவாக்கிய தீவுப் பெண்களின் பங்கு மறைந்துவிடுகிறது.

புதிதாகத் தொடங்குவோருக்கு

• முதலில் தொப்பி போன்ற சிறிய பொருளைப் பின்னலாம். சுற்றிப் பின்னும்போது ஆடையின் வெளிப்பக்கமே எப்போதும் கண்முன் இருப்பதால், கோலத்தைப் பின்தொடர்வது எளிது.
• கோலத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொள்ள வேண்டும். ஒரு கட்டம் ஒரு கண்ணியைக் குறிக்கும்.
• நூல்களைக் கருப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், கோலம் தெளிவாக எழாது.
• உட்புற இழையை இறுக்கி இழுத்தால் ஆடை சுருங்கும். போட்ட கண்ணிகளை ஊசியில் சற்றுப் பரப்பிவிட்டு அடுத்த வண்ணத்தை எடுக்க வேண்டும்.
• முடித்தபின் நனைத்து, வடிவம் திருத்தி உலர்த்தினால் கண்ணிகள் சீராகும்.