பழைய காரின் பிரேக்கில் ஓர் இயற்பியல் பாடம்

என் மாமாவின் பழைய புரோட்டோன் சாகா, மாசாய் சாலைகளில் பிரேக் வைக்கும்போதெல்லாம் இடப்பக்கம் இழுத்தது. கனரக லோரிகள் ஓடும் பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் இது விளையாட்டல்ல. முன்பு பட்டறையில் வேலை செய்த மாமா, வீட்டிலேயே சரிசெய்யலாம் என்றார். நான் உதவிக்கு நின்றேன்.

ஜேக்கை மட்டும் நம்பாமல் தாங்கிகளையும் வைத்தோம். வலது முன்சக்கரத்தைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ரப்பர் உறை கிழிந்து ஈரம் புகுந்ததால், பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தது. இடது சக்கரம் மட்டுமே நன்றாகப் பிடித்ததால் கார் அந்தப் பக்கம் இழுத்தது.

படிவம் 5-இல் நாம் படிக்கும் பாஸ்கல் கோட்பாடு இங்கேதான் இருக்கிறது. மிதியில் நாம் தரும் அழுத்தம் திரவத்தின் வழியே எல்லாச் சக்கரங்களுக்கும் சமமாகப் பரவுகிறது. குழாயில் காற்று புகுந்தால் அதுவே சுருங்கிவிடும். மிதி பஞ்சுபோல் அமுங்கும்.

பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். புதிய டோட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ்; ஈரம் சேர்ந்தால் 140 வரை இறங்கலாம். கொதித்தால் ஆவிக்குமிழி, பிரேக் பிடிக்காது.

புதிய பிஸ்டன், ரப்பர் வளையங்கள் பொருத்தினோம். மாமா மிதியை அழுத்த, நான் திருகைத் திறந்து, அவர் காலை எடுக்குமுன் மூடினேன். குமிழி நிற்கும்வரை இதையே செய்தோம்.

மாணவர்களே, தெரிந்தவர் துணையின்றி பிரேக்கைத் தொடாதீர்கள். ஆர்வமிருந்தால், எஸ்.பி.எம். முடித்து வாகனத் துறையில் மலேசியத் திறன் சான்றிதழ் பயிலலாம்.