இலிஷா, சிங்ரியா? வங்கத்தின் இனிய சண்டை

கொல்கத்தா: மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரு கால்பந்து அணிகள் மோதும் நாளில் கொல்கத்தாவின் மீன் சந்தைகளும் ஆட்டத்தின் முடிவுக்காகக் காத்திருக்கும். ஈஸ்ட் பெங்கால் வென்றால் அதன் ஆதரவாளர்களின் வீட்டில் இலிஷ் மீன் சமைக்கப்படும். மோகன் பகான் வென்றால் சிங்ரி எனப்படும் இறால் கொதிக்கும். தமிழக மீனவர்கள் உல்லம் என்றழைக்கும் மீனே வங்காளியின் இலிஷ்.

கேலியும் கிண்டலுமாக நடக்கும் இந்த உணவுப் போட்டியின் அடியில் ஒரு பெரும் துயரத்தின் வரலாறு உறைந்திருக்கிறது. அதை அறிவதற்குத் தென் கொல்கத்தாவின் டாலிகஞ்ச் பகுதியைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை.

திரைப்பட ஸ்டுடியோக்களுக்குப் பெயர் பெற்ற டாலிகஞ்சுக்கு இடம்பெயர்ந்தோர் வருவது புதிதல்ல. 1806ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் புரட்சி செய்தபின், அங்கு சிறை வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தினரை ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து குடியமர்த்தியது இப்பகுதியில்தான். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்து, தேசப் பிரிவினை இங்கு இன்னும் பெரிய கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

அகதிகளின் குடியிருப்புகள்

1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் இருந்த அகதிகள் சுமார் 21 லட்சம் பேர். டாக்கா, பரிசால், பரீத்பூர் எனக் கிழக்கு வங்காளத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள், டாலிகஞ்ச், ஜாதவ்பூர் பகுதிகளில் காலியாகக் கிடந்த நிலங்களில் குடியேறினர். இரண்டாம் உலகப் போரின்போது பயன்படுத்தப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட இராணுவ முகாமில் பிஜய்கர் குடியிருப்பு உருவானது. ஆசாத்கர், நேதாஜி நகர் போன்றவை அடுத்தடுத்து எழுந்தன. வெளியேற்ற வந்தவர்களை எதிர்த்து நின்ற அகதிகள் 1950இல் ஐக்கிய மத்திய அகதிகள் கவுன்சிலாகத் திரண்டனர். மேற்கு வங்கத்தில் இடதுசாரி இயக்கம் வேர் பிடித்ததில் இந்தக் குடியிருப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

கிழக்கிலிருந்து வந்தவர்களை மண்ணின் மக்கள் 'பாங்கால்' என்றனர். நாகரிகம் அறியாதவர் என்ற ஏளனம் அச்சொல்லில் ஒட்டியிருந்தது. பதிலுக்கு மேற்கு வங்கத்தாருக்குக் கிடைத்த பெயர் 'கோட்டி'. சொம்பு என்பது அதன் பொருள். வசைச் சொற்களாகத் தொடங்கிய இரண்டையும் இன்று இரு தரப்பினரும் பெருமையுடன் சூடிக்கொள்கின்றனர்.

உளுந்தும் கருவாடும்

சண்டையின் நடுக்களம் அடுப்பங்கரை. கோட்டி வீட்டுச் சமையலில் பருப்பிலும் காய்கறியிலும்கூட ஒரு சிட்டிகை சர்க்கரை விழும். பாங்குரா, பீர்பூம், பர்த்வான் மாவட்டத்தாருக்கு, உடைத்த உளுந்தில் வைத்த பருப்பும், கசகசாவை அரைத்துச் சேர்த்த உருளைக்கிழங்கும் சோற்றுடன் இருந்தால் போதும்; வேறு விருந்து வேண்டியதில்லை. விசேஷ நாளில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சிங்ரி மலாய்க்கறி வரும்.

பாங்கால் வீட்டில் காரம் தூக்கல். கடுகை அரைத்து ஊற்றிச் சமைத்த இலிஷ் அவர்களது முதல் பெருமை. 'ஷுட்கி' எனப்படும் கருவாடு இரண்டாவது. கருவாட்டு வாசம் எழுந்தால் அண்டை வீட்டார் முகம் சுளிக்கும் கதை தமிழ் வாசகர்களுக்குப் புதிதாக இராது.

இறால் மீனே அல்ல, பூச்சி இனம் என்பது பாங்கால்களின் நிரந்தர வாதம். முள்ளை எடுப்பதிலேயே பாதிச் சாப்பாடு முடிந்துவிடும் மீனில் என்ன சுகம் என்பது எதிர்வாதம். உண்மையில் இரு வீட்டாரும் இரண்டையும் விரும்பி உண்பவர்களே. நிலத்தையும் வீட்டையும் இழந்து வந்தவர்களுக்கு, கையோடு கொண்டுவர முடிந்த சொத்து சமையல் பக்குவம் ஒன்றுதான் என்பதால், அந்தத் தட்டில் ருசியைவிடக் கூடுதலான ஒன்று இருந்தது.

டாலிகஞ்ச் ஸ்டுடியோக்கள் இதை வேடிக்கையாகவும் பதிவு செய்தன. உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் நடித்து 1954இல் வெளிவந்த 'ஓரா தாக்கே ஓதாரே', அக்கம்பக்கத்தில் வாழும் ஒரு கோட்டிக் குடும்பமும் ஒரு பாங்கால் குடும்பமும் மோதிக்கொள்வதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படம். டாக்காவில் பிறந்த நகைச்சுவை நடிகர் பானு பந்தோபாத்யாய், கேலி செய்யப்பட்ட பாங்கால் வட்டார வழக்கையே தம் முத்திரையாக்கிப் புகழ் பெற்றார். அதே துயரத்தின் கண்ணீர்ப் பக்கத்தை ரித்விக் கட்டக் 1960இல் 'மேகே டாக்கா தாரா' படத்தில் காட்டினார்.

மைதானத்தில் ஒரு வரலாறு

1889இல் தோன்றிய மோகன் பகான், 1911ஆம் ஆண்டு ஆங்கிலேய இராணுவ அணியை வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அந்த அணியின் தலைவர் சிவதாஸ் பாதுரி உள்ளிட்ட பலர் கிழக்கு வங்காளத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. கிழக்கு வங்காள வீரர்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்ற மனத்தாங்கலிலிருந்து 1920 ஆகஸ்ட் 1 அன்று ஈஸ்ட் பெங்கால் பிறந்தது. பிரிவினைக்குப் பின் அது அகதிகளின் அணியானது.

போட்டி எப்போதும் இனிமையாகவே இருந்துவிடவில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இவ்விரு அணிகள் ஆடியபோது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். விளையாட்டுப் பகை எல்லை மீறினால் என்ன நேரும் என்பதைக் கொல்கத்தா அன்று கண்டது.

மீனுக்குள் அரசியல்

இலிஷ் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வந்து முட்டையிடும் மீன். முன்பு அலகாபாத் வரை கங்கையில் ஏறிச் சென்ற அதன் பாதையை, 1975இல் இயங்கத் தொடங்கிய பராக்கா தடுப்பணை மறித்தது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியிலும் இம்மீனின் வரத்து குறைந்தது. விஜயதசமிக்குப் பிறகு சரஸ்வதி பூஜை வரை இலிஷைத் தொடாத மரபு பல பாங்கால் குடும்பங்களில் உண்டு. இனப்பெருக்கத்துக்கு இடம் விடும் முன்னோர் ஏற்பாடு அது எனலாம்.

பத்மா நதி இலிஷுக்கு மேற்கு வங்கம் வங்கதேசத்தையே எதிர்பார்க்கிறது. டீஸ்டா நதிநீர் ஒப்பந்தம் 2011இல் கைகூடாமல் போனது. 2012இல் இலிஷ் ஏற்றுமதிக்கு வங்கதேசம் தடை விதித்தது. 2015இல் டாக்கா சென்ற மம்தா பானர்ஜி இலிஷ் பற்றிப் பேச்செடுத்தபோது, தண்ணீர் வந்தால் மீனும் வரும் என்ற பொருளில் ஷேக் ஹசீனா பதிலளித்தார். 2019 முதல் துர்கா பூஜையை ஒட்டி மட்டும் குறிப்பிட்ட அளவு அனுமதிக்கப்பட்டு வந்தது. 2024இல் ஆட்சி மாறியபின், முதலில் மறுத்த இடைக்கால அரசு பின்னர் 3,000 டன்னுக்கு இசைவு தந்தது. 2025இல் அந்த அளவு 1,200 டன்னாகச் சுருங்கியது.

ரசகுல்லா விவகாரத்தில் சண்டை மாநில எல்லையையும் தாண்டியது. மேற்கு வங்கமும் ஒடிசாவும் உரிமை கோரிய அந்த இனிப்புக்கு, சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகம் 2017இல் 'பங்களார் ரசகுல்லா' என்றும், 2019இல் 'ஒடிசா ரசகோலா' என்றும் தனித்தனியே குறியீடு வழங்கி இருவரையும் அமைதிப்படுத்தியது.

ஒரே குரல்

ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டதையடுத்து, 2024 ஆகஸ்ட் 18 அன்று நடைபெறவிருந்த மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் பாதுகாப்புக் காரணம் காட்டி இரத்து செய்யப்பட்டது. ஆனால் இரு அணி ரசிகர்களும் சால்ட் லேக் மைதானத்தின் முன் திரண்டு, தோளோடு தோள் நின்று நீதி கேட்டனர். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் உடன் நின்றனர். போலீசாரின் தடியடியையும் அவர்கள் சேர்ந்தே எதிர்கொண்டனர்.

2025ஆம் ஆண்டு, வெளிமாநிலங்களில் பிழைக்கச் சென்ற வங்காளித் தொழிலாளர்கள் வங்கதேசத்தவர் என்ற சந்தேகத்தில் பிடிக்கப்பட்டனர். தில்லிக் காவல்துறையின் கடிதம் ஒன்று அவர்களது மொழியை 'வங்கதேச மொழி' என்று குறிப்பிட்டது. தமிழக முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் இதை வன்மையாகக் கண்டித்தார். அந்த ஆகஸ்டில் டுராண்டு கோப்பை ஆட்டத்தின்போது, தாய்மொழி பேசுவதாலேயே அந்நியர் ஆகிவிடுவோமா எனக் கேட்கும் பெரும் பதாகையை ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் விரித்தனர்.

எழுபது ஆண்டுகளுக்கு முன் டாலிகஞ்சில் கேலியாகக் கேட்கப்பட்ட கேள்வி, இன்று அடையாள அட்டை கேட்கும் அதிகாரியின் கேள்வியாக மாறியிருக்கிறது. அவருக்குக் கோட்டியும் பாங்காலும் ஒன்றுதான். இலிஷா, சிங்ரியா என்ற வழக்கு எத்தனை தலைமுறை நீண்டாலும் வங்கத்துக்கு நட்டமில்லை. தட்டில் இருப்பதையும் நாவில் பிறப்பதையும் வைத்து ஒருவரின் குடியுரிமையை எடை போடும் வழக்குதான் ஆபத்தானது.